வேது மிஷினும் ஓமக் கிழியும்

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு இருமல் சத்தமும் சேர்ந்துகொள்ளும். இங்கே பல வீடுகளில் இன்னும் குழித்தறிதான். மழை நாலு நாள் விடாமல் அடித்தால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, சாக்கை விரித்து, அந்த ஈரத்திலேயே காலை விட்டுக்கொண்டு உட்காருவார்கள். பிடித்த சளி லேசில் விடுமா? ஆகவே சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நொச்சி வாசனை வரும். வேது பிடிப்பார்கள். பட்டணத்தில் இதையே ஆவி பிடிப்பது என்கிறார்கள்.

சென்ற மாதம் என் நாத்தனார் பெண், கைக்குழந்தைக்காரி, என்னிடம் ஒரு மிஷினைக் கொண்டு வந்து காட்டினாள். மருந்துக் கடையில் விற்கிற வேப்பரைசர்தான். "அத்தை, இதுக்குள்ள காஞ்ச நொச்சியும் ஓமமும் போட்டுக் குழந்தைக்குக் காட்டலாமா? எல்லாரும் போடறாங்களாமே" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மிஷினை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமா? அவளிடம் சொன்னதைத்தான் இந்த இதழில் உங்களுக்கும் எழுதுகிறேன், சகோதரிகளே.

மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்த கதையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சின்னவனுக்கு ஐந்து வயது. மூக்கு அடைத்து ராத்திரி தூங்காமல் அழுதான். நான் குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு கை நொச்சித் தழை போட்டு, தரையில் இறக்கி வைத்து, அவனை முன்னால் உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். நானும் உள்ளேதான் இருந்தேன். தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதானே என்ற தைரியம். குழந்தைக்கு உள்ளே இருட்டு, மூச்சு முட்டுகிறது, பயந்து காலை உதைத்தான். குண்டான் சாய்ந்தது. கொதிக்கக் கொதிக்க அவன் தொடையில் கொட்டிற்று.

அப்புறம் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஓடிப்போய் இட்லி மாவை அள்ளி வந்து அப்பினார். நான் ஒரு பக்கம் பல் பேஸ்ட்டைத் தடவினேன். பக்கத்து வீட்டு அம்மாள் இங்க் பாட்டிலைத் தேடினார். ஒருவருக்கும் குழாயைத் திறக்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மாவையும் பேஸ்ட்டையும் கழுவி எடுக்கும்போதுதான் பிள்ளை அலறிய அலறல்! "தண்ணி பட்டதைவிட நீங்க தடவினதை எடுக்கறதுதாம்மா அவனுக்கு வேதனை" என்றார் டாக்டர். இன்றைக்கு அவனுக்குப் பதினேழு வயது. அரை டிராயர் போட மாட்டான். தழும்பு உள்ளங்கை அகலம் இருக்கிறது.

அந்த டாக்டர் அன்று சொன்னது இது. சுடுதண்ணீரோ ஆவியோ பட்டால், துணியைக் கழற்றிவிட்டு (ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது), குழாய்த் தண்ணீரைப் பட்ட இடத்தில் 20 நிமிஷம் ஓடவிட வேண்டும். சாதாரணத் தண்ணீர் போதும், ஐஸ் கூடாது. வளையல், அரைஞாண், கொலுசு எதுவாவது அந்த இடத்தில் இருந்தால் வீக்கம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிறகு வெளுத்த துணியால் லேசாக மூடி, ஆஸ்பத்திரிக்கு. மாவு, நெய், மஞ்சள், இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம். முகம், கை, மர்ம ஸ்தானத்தில் பட்டாலும், குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பட்டாலும் யோசிக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டியதுதான். 20 நிமிஷம் என்பது பிள்ளை அழும்போது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள், மனசை நம்பாதீர்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் வேப்பரைசர் வாங்கி வந்தார். குண்டானே வேண்டாம், கரன்ட் மிஷின் பத்திரம் என்று நினைத்தோம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "வேது மிஷின்".

வந்த அன்றே தகராறு. குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றி சுவிட்சைப் போட்டேன். கால் மணி ஆயிற்று, ஆவியே வரவில்லை. சீறிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "என்ன தண்ணிம்மா ஊத்தினீங்க? கேன் தண்ணியா? குழாய்த் தண்ணி ஊத்துங்க, வரும்." எனக்கு நம்பிக்கையே இல்லை. வந்து எங்கள் போர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஊற்றின இரண்டு நிமிஷத்தில் குபுகுபுவென்று ஆவி!

இதற்குக் காரணத்தை என் பெரியவள் விளக்கினாள். அவள் அப்போது ஒன்பதாவது. இந்த மாதிரி மலிவு மிஷினில் இட்லி குக்கரில் இருப்பது போல அடியில் தனியாகச் சூடாகிற தட்டு கிடையாது. மூடியின் அடியில் இரண்டு உலோகக் கம்பிகள் மாத்திரம் தண்ணீரில் முங்கி நிற்கும். கரன்ட் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தண்ணீர் வழியாகவே போகிறது. அந்தப் போக்கில் தண்ணீர் சூடாகிக் கொதிக்கிறது. சுத்தம் செய்த கேன் தண்ணீரில் உப்பு குறைவு, கரன்ட் சரியாகப் போகாது. உப்புத் தண்ணீரில் தாராளமாகப் போகும். தண்ணீர் தீர்ந்துபோனால் கரன்ட்டுக்கு வழியில்லை, தானே நின்றுவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் இதில் ஒரு பயங்கரம் இருப்பதை அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை. பிளக் செருகியிருக்கும் வரை அந்தத் தண்ணீரிலேயே கரன்ட் இருக்கிறது! சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது, தண்ணீர் குறைந்தால் மூடியைத் திறந்து சொம்பால் ஊற்றுவது, இதெல்லாம் எமனோடு விளையாட்டு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கின பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு தொடவே கூடாது. எல்லா மிஷினும் இப்படி என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் விலை கூடினதில் அடியில் தட்டு சூடாகிற மாதிரியும் வருகிறது, அதில் எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் ஆவி வரும். வாங்கும்போது மூடியைத் திருப்பிப் பாருங்கள். கம்பி தொங்கினால் என் மிஷின் ஜாதி.

உப்பு விஷயம் தெரிந்ததும் பெரியவளுக்கு விஞ்ஞானி என்று நினைப்பு வந்துவிட்டது. ஒரு நாள் கேன் தண்ணீரையே ஊற்றி, ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். கொதிதண்ணீர் ஆவியோடு சேர்ந்து பீச்சி அடித்தது. நல்ல வேளை, முகத்தைக் கொண்டுபோகுமுன் டப்பென்று மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் தறியிலிருந்தே, "யாரு என்னத்த போட்டீங்க?" என்று கத்தினார். உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரல் நுனியில் ஒட்டுகிற அளவு, அதுவும் ஆவியே வராவிட்டால்தான். குழாய்த் தண்ணீர் இருக்கிற வீட்டில் உப்புப் பேச்சே வேண்டாம்.

சரி, ஆவி வருகிறது. வெறும் தண்ணீர் ஆவியில் என்ன இருக்கிறது என்று அத்தை மூக்கைச் சுளித்தார். "நொச்சி இல்லாம என்னடி வேது?" அவர் சொல்வதும் நியாயம்தான். சித்த வைத்தியத்தில் புற மருத்துவம் 32 என்று கணக்கு, அதில் வேதும் ஒன்று. தழை இல்லாமல் வேது எங்கே? நொச்சியை நான் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்கிறேன். கோட்டைக்குள் இருந்துகொண்டு காப்பாற்றுகிறவர்கள் சூடுகிற பூ நொச்சி, அந்தத் திணைக்கே அதுதான் பெயர் என்று எங்கள் தமிழ் அம்மா சொல்லிக் கொடுத்தார். சளியை எதிர்த்து வீட்டைக் காப்பதற்கும் அதையே வைத்தார்களே என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆகவே மிஷினைத் திருத்த ஆரம்பித்தோம். மூன்று தடவை திருத்தினோம். மூன்றும் சொல்கிறேன், நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

முதலில், காய்ந்த நொச்சியையும் ஓமத்தையும் மஞ்சள்பொடியையும் தண்ணீரிலேயே போட்டோம். கம்பிகளில் இலைத்தூள் போய் அடைத்துக்கொண்டது. மஞ்சள் அடியில் தீய்ந்து ஒரு நாற்றம் வந்தது. உள்ளே தண்ணீர் போகிற சின்னத் துவாரம் மூடிப்போய் மிஷின் ஊமையாயிற்று. எலுமிச்சம் சாற்றைத் தண்ணீரில் கலந்து ராத்திரி முழுதும் ஊற வைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து மீட்டேன். (உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மாதம் ஒரு தரம் இப்படிச் செய்வது நல்லது. கம்பியில் படிகிற வெள்ளைக் காரை எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் எதில் போட்டாலும் கரையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஞாபகம்.)

அடுத்தது, என் யோசனை. தழையைத் துணியில் முடிந்து, ஆவி வருகிற மூக்கிலேயே இறுக்கிக் கட்டினேன். ஆவி துணி வழியாக வந்தால் வாசனை ஏறுமே என்று. துணி நனைந்ததும் ஆவிக்கு வழியில்லை. கொஞ்ச நேரம் கொரகொரவென்றது. பிறகு மூடி டம்மென்று கிளம்பி உத்தரத்தில் போய் இடித்தது. பிரஷர் குக்கரில் வெயிட்டைத் தூக்காமல் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான். குனிந்த முகமாக இருந்திருந்தால்? ஆவியின் சூட்டை நாம் குறைவாக நினைக்கிறோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, ஆவியும் 100 டிகிரிதான். ஆனால் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது கிராமுக்கு 540 கலோரி சூட்டை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. கொதிதண்ணீரைவிட ஆவி பொல்லாதது என்பது இதனால்தான். ஆவிக்கு எந்த வழியையும் அடைக்கவே கூடாது என்பது அன்று எனக்குப் புரிந்தது.

மூன்றாவது யோசனை எங்கள் ஊர் இட்லியிலிருந்து வந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி சாப்பிட்டிருப்பீர்கள். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலையை வைத்து, மாவை ஊற்றி ஆவியில் வேக வைப்பார்கள். அந்த இலையின் வாசனை இட்லியில் எப்படி ஏறுகிறது? ஆவிதானே கொண்டு போகிறது! அதே மாதிரி ஒரு சின்னப் பூக்குடலையில் காய்ந்த நொச்சியை உதிரியாகப் பரப்பி, மிஷினின் முகமூடிக் கிண்ணத்துக்குள் வைத்தேன். அடைக்கவில்லை, ஆவி தாராளமாக ஊடுருவியது. வாசனை கம்மென்று வந்தது. அத்தைக்குப் பரம திருப்தி. நான் கர்வமாகவே இருந்தேன்.

ஆனால் ஐந்தே நிமிஷத்தில் தழை சொதசொதவென்று நனைந்து வாசனை போய்விடும். ஒவ்வொரு தரமும் புதுத் தழை வேண்டும். குடலையை வெயிலில் காய வைக்க மறந்தால் மறுநாள் பூஞ்சணம். பூஞ்சணத்தின் வழியாக வருகிற ஆவியை இழுப்பது சளிக்கு மருந்தா? இதைவிடப் பெரிய குறை, குடலை சாய்ந்தால் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை தானாக நீளும். நனைந்த மூங்கில், நனைந்த கை, உள்ளே கரன்ட் ஓடும் தண்ணீர். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பையன் ஒரு நாள் பார்த்துவிட்டு, "அக்கா, இதை மட்டும் வேணாம்" என்று கும்பிட்டான். குடலை மறுபடி பூவுக்கே போயிற்று.

தைலம், கற்பூரம் போடுகிற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு பெரியவர்களுக்குச் சரி, அதுவும் மிஷினுக்குள் வேண்டாம், பிளாஸ்டிக் கெடும். கற்பூரத்தை மாத்திரம் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். சிறு துண்டு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் கீழே மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது. பாட்டில் மேலேயே போட்டிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுகிற பழக்கமும் இங்கே உண்டு. தணலை மூடின அறைக்குள் கொண்டுபோய்ப் புகையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்டுவதை நான் என் பெண் விஷயத்தில் நிறுத்திவிட்டேன். தலை காய வேண்டுமானால் துண்டு இருக்கிறது, வெயில் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஆவி பிடிக்கிறோமே, அதனால் என்ன லாபம்? என் சின்னவனுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். "சளியைக் கொல்லாதும்மா. வெதுவெதுப்பும் ஈரமும் மூக்குக்கு இதமா இருக்கும், கெட்டியா இருக்கறது கொஞ்சம் இளகும், தூக்கம் வரும். அவ்வளவுதான்" என்றார். சளி எத்தனை நாளில் போகுமோ அத்தனை நாளில்தான் போகும். கொரோனா சமயத்தில் நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம், இரண்டாவது அலை, தெருவுக்குத் தெரு குக்கரில் குழாய் மாட்டி நொச்சி வேது காட்டினார்கள். பொது இடங்களில் அப்படி வேது பிடிக்க வேண்டாம், அதனால் நோய் பரவும் என்று அப்போது சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். எங்கள் தெருவிலும் ஒரு கூட்டம் நின்றது. ஒருவர் இருமின இடத்தில் அடுத்தவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். எனக்கு இன்றைக்கும் அது கண்ணில் நிற்கிறது.

கைக்குழந்தைக்கும் நடக்கிற பிள்ளைக்கும் ஆவியே வேண்டாம் என்பது அந்த டாக்டர் சொன்னது. என் சொந்த முடிவும் அதுதான், யார் கேட்டாலும் அதையே சொல்வேன். மிஷினில் பிடிக்கலாமே என்பீர்கள். அதன் ஒயர் தொங்கும், பிள்ளை இழுக்கும், கொதிதண்ணீரோடு மேலே விழும். குண்டான் செய்ததையே அதுவும் செய்யும். மூக்கடைத்த குழந்தைக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து கிடைக்கிறது. பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டால் அடைப்பு இளகும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. தலையைச் சற்று உயர்த்தி மடியில் வைத்துக்கொண்டால் பாதி அழுகை நிற்கும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதற்குக் கடிகாரம் இருந்தால் போதும். குழந்தை அழாமல், தூங்கும்போதோ சும்மா இருக்கும்போதோ, சட்டையைத் தூக்கி வயிறு எழுந்து அடங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60, 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் அது வெறும் சளி அல்ல. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் வேது, கஷாயம் என்று ஒரு ராத்திரியைக்கூடத் தள்ளாதீர்கள். இந்த எண்களைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். நாத்தனார் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தது முதலில் இதைத்தான்.

இனி பெரியவர்கள் விஷயம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தறியில் உட்காரும்போதே மூக்கடைக்கும். தைலம் தடவிக்கொள்ளலாம் என்றால் முடியாது. தைலம் பட்ட விரலால் பட்டு இழையைத் தொட்டால் கறை. கல்யாணப் புடவையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். வேது மிஷினைத் தறிக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. பாவு ஈரம் குடிக்கும்.

இதற்கு வழி அத்தையிடம்தான் இருந்தது. மிஷின் பைத்தியத்தில் நாங்கள்தான் கேட்கவில்லை. தண்ணீரும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். ஓமக் கிழி.

ஓமம் இரண்டு ஸ்பூன், கருஞ்சீரகம் ஒரு ஸ்பூன், நிழலில் காய வைத்துக் கையால் கசக்கின நொச்சி ஒரு கைப்பிடி, கிராம்பு இரண்டு, தட்டின சுக்கு ஒரு துண்டு. முதலில் ஓமத்தையும் கருஞ்சீரகத்தையும் லேசாக நசுக்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் வாசனை வெளியே வரும். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து எல்லாவற்றையும் போட்டுப் புரட்டுங்கள். வாசனை கிளம்ப வேண்டும், புகை கிளம்பக் கூடாது. ஓமத்தில் இருக்கிற காரமான சத்து சின்னச் சூட்டுக்கே ஆவியாகிவிடும். தீய்ந்தால் அது போய்க் கருகல்தான் மிஞ்சும், தொண்டை கமறும். நிறம் மாறுமுன் இறக்குங்கள். பழைய வேட்டித் துணியில், இரட்டையாக மடித்து, எலுமிச்சம்பழ அளவு முடியுங்கள். உடனே மூக்கில் வைக்காதீர்கள், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். பொறுக்கிற சூடா என்று தெரிந்துகொண்டு, மூக்குக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்து, நிதானமாக நாலைந்து மூச்சு. அவ்வளவுதான். ஆறிப்போனால் கல்லில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தால் மறுபடி வரும். நாலைந்து தரம் தாங்கும்.

இதுவும் அந்த வேது மாதிரி சளியைக் கொல்லாது, மூக்குக்கு ஓர் ஆறுதல். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு எந்தக் காரமான வாசனையும் இழுப்பைக் கிளப்பும். அவர்கள் டாக்டர் கொடுத்த பம்ப்பை விட்டுவிட்டு இதைப் பிடிக்கக் கூடாது. கைக்குழந்தை பக்கத்தில் கிழியை வைக்க வேண்டாம். முடிச்சு அவிழ்ந்தால் ஓமம் மூக்கிலும் தொண்டையிலும் போகும்.

எங்கள் வீட்டுக்காரர் கிழியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை, பட்டுக்குப் பயமில்லை. மழை நாளில் சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் வேது மிஷின் பக்கம் உட்காருவார். வெறும் குழாய்த் தண்ணீர் ஆவிதான், பத்து நிமிஷம். தலையில் கம்பளி கிடையாது, ஒரு துண்டு, முகம் ஒரு முழம் தள்ளி. மிஷின் மேஜையின் உள்பக்கம், ஒயர் சுவர் ஓரம், அதைச் சுற்றிப் பிள்ளைகள் யாரும் கிடையாது. இழுத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரைக் கொட்டி, கவிழ்த்து வைத்துவிட்டு, கிழியை எடுத்துக்கொள்வார். மிஷினில் நாங்கள் இப்போது எதையும் திருத்துவதில்லை.

கிழியின் வாசனை சுத்தமாகப் போனதும் அத்தை அதை வாங்கி அவிழ்த்து, உள்ளே இருப்பதை அரிசி டின்னைச் சுற்றித் தூவிவிடுகிறார். புழு வண்டு அண்டாதாம். சென்ற வாரம் சின்னவனுக்கு ஜலதோஷம். பரீட்சைக்குப் படிக்க உட்காருமுன், "பாட்டி, எனக்கும் ஒண்ணு கட்டிக் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். நாத்தனார் பெண் தன் மிஷினை ஊருக்கு எடுத்துப்போனாள், அவளுடைய மாமனாருக்கு. குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு.